பை சுமந்தவனுக்குச் சிறை, ஆலை வைத்தவனுக்கு?



ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கிளைக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்தோம். கட்டட வேலைக்குப் போகும் நம் பகுதித் தாய் ஒருவர் வந்து நின்றார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஓசூர்ப் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. அவருடைய மகனுக்கு வயது இருபது. சித்தாள் வேலை கிடைக்காத நாட்களில் சும்மா இருக்க வேண்டாமே என்று, தெரிந்தவர் ஒருவர் கொடுத்த இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறான். கொண்டுபோய்ச் சேர்த்தால் அறுநூறு ரூபாயும் பஸ் சார்ஜும் கிடைக்கும். சோதனைச் சாவடியில் பையை அவிழ்த்தார்கள். உள்ளே மெல்லும் புகையிலைப் பொட்டலங்கள். பையன் உள்ளே போய்விட்டான்.

அந்தத் தாய் அழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: “ஏண்ணா, இது நம்ம தெருமுனைப் பெட்டிக்கடையில சரம்சரமா தொங்குற சாமான்தானே? நானே வாங்கிப் போட்டிருக்கேன். இங்க கடைச் சாமானா இருக்கிறது அங்க எப்படித் திருட்டுச் சாமானா ஆச்சு?”

அங்கே இருந்த எங்களில் ஒருவருக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. சட்டம் படித்தவர்கள் கூட்டமல்ல நம்முடையது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இருந்தால், அடுத்த மாதம் இன்னொரு தாய் இன்னொரு சீட்டோடு வந்து நிற்பார். ஆகவே இந்த மாதத் தலையங்கம் முழுவதும் அந்தத் தாயின் கேள்விக்கே ஒதுக்கப்படுகிறது.

ஒரு சரக்கு, இரண்டு சட்டம்

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் விதிகள் வந்தன. எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிகோடினோ சேர்க்கக் கூடாது என்று அவற்றில் 2.3.4ஆம் விதி சொல்கிறது. இந்த விதியைப் பிடித்துக்கொண்டு மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் குட்காவுக்குத் தடை போட்டன. 2012இல் மத்தியப் பிரதேசமும் கேரளமும் போட்டன. 2013 மே மாதத்தில் தமிழ்நாடும் கர்நாடகமும் போட்டன. ஆக, குட்காவுக்கு இரண்டு மாநிலத்திலும் தடை என்பது உண்மைதான்.

அப்படியானால் வேறுபாடு எங்கே வந்தது? பொட்டலத்தில் வந்தது. பாக்கும் புகையிலையும் கலந்தால்தானே குட்கா? கலக்காமல், பாக்கு மசாலா ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம் என்று முதலாளிகள் தனித்தனியாகப் போட்டார்கள். இரண்டையும் வாங்குகிறவன் உள்ளங்கையில் கொட்டித் தானே கலந்துகொள்கிறான். சட்டத்தின் கண்ணில் ஆலைக்காரன் குட்கா செய்யவில்லை, கடைக்காரன் குட்கா விற்கவில்லை! 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே இந்த இரட்டைப் பொட்டலத் தந்திரத்தைக் கவனத்தில் கொண்டு, தடையை ஒழுங்காக நிறைவேற்றுமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் பெங்களூர்ப் பெட்டிக்கடைகளில் சரங்கள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

தமிழ்நாட்டு உத்தரவின் வலை இதைவிடப் பெரியது. குட்கா, பான் மசாலாவோடு, வாசனை சேர்த்த மெல்லும் புகையிலையையும் அந்த அரசு தடைக்குள் கொண்டுவந்தது. இந்தத் தடையும் ஒரே தடவையில் நிலைத்துவிட்ட ஒன்றல்ல. உணவுப் பாதுகாப்பு ஆணையர் ஒரு தடவைக்கு ஓராண்டுக்கு மேல் தடை போடச் சட்டத்தில் இடமில்லை. அதனால் ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தார்கள். இப்படி ஆண்டுக்கு ஆண்டு நீட்டி நிரந்தரத் தடையாக்கச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இதற்கும் முன்னால் 2001இல் தமிழ்நாடு போட்ட தடை, 2004இல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்த கதையும் உண்டு. சட்டம் படித்தவர்களே இருபது ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடிய விஷயம் இது. அறுநூறு ரூபாய்க்குப் பை தூக்கிய பையனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது நம் நாட்டுச் சட்டம்.

அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். சரக்கு மாறவில்லை. அத்திப்பள்ளியைத் தாண்டியதும் சட்டம் மாறிவிட்டது. சட்டம் மாறிய இடத்தில் விலையும் மாறிவிட்டது. இங்கே அச்சிட்ட விலைக்கு வெளிச்சத்தில் விற்பது, அங்கே மறைவில் பல மடங்கு விலைக்கு விற்கிறது. அந்த விலை வித்தியாசம்தான் உங்கள் மகனை பஸ் ஏற்றியது.

ஓசூர் ரோடு

இந்த ரோட்டை நம்மில் அறியாதவர் யார்? நம் பாட்டன், தந்தை சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்த ரோடு இது. இன்றும் பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் இதில்தான் போகிறோம். மடிவாளா, சில்க் போர்டு, பொம்மனஹள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சந்தாபுரா, அத்திப்பள்ளி. அதைத் தாண்டினால் ஜூஜூவாடி, ஓசூர். மொத்தம் நாற்பது கிலோமீட்டர். மூட்டைகளை அடுக்கி மேலே காய்கறிக் கூடை வைத்த வேன்களும், கோழித் தீவன லாரிகளும், சொந்தக் கார்களும், பஸ் பயணிகளின் கைப்பைகளும் இந்த வழியாகத்தான் அந்தச் சரக்கைக் கொண்டுபோகின்றன.

இந்தப் பாதையின் தொடக்கத்திலேயே, நிம்ஹான்சுக்குப் பக்கத்தில், கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1973இல் ஏற்பட்ட நிறுவனம் அது. காலை ஏழு மணிக்கு அதன் வாசலில் நின்று பாருங்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது எல்லா மொழியும் கேட்கும். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். சரக்கு தெற்கே போகிறது; நோய் வடக்கே வருகிறது. இரண்டுக்கும் ஒரே ரோடு.

ரயிலும் இதற்கு விலக்கல்ல. பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டை போகும் வண்டி, பங்காருப்பேட்டை வரை கர்நாடகம், குப்பத்தில் ஆந்திரம், அதைக் கடந்தால் தமிழ்நாடு என்று சில மணி நேரத்தில் மூன்று மாநிலத்தை மிதித்துச் செல்கிறது. 2001இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயல் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் தினமும் இந்தப் பாதையில்தான் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். சீட்டுக்குக் கீழே யாருடையதென்று தெரியாத பை ஒன்று இருக்கும். பெட்டியில் சோதனை வந்தால் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதில் என் பங்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலையத்தின் பார்சல் கவுண்டரில் குமாஸ்தாவாக இருந்தேன். மூட்டை வரும், எடை போடுவோம், கொண்டுவந்தவர் என்ன பெயர் சொல்கிறாரோ அதை எழுதுவோம். ‘பேன்சி சாமான்’ என்றால் பேன்சி சாமான். தைத்த மூட்டையிலிருந்து வரும் வாசனை எனக்கும் தெரியும், பக்கத்து மேஜைக்கும் தெரியும். கேட்பது என் வேலையல்ல என்று சீட்டுக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். பணம் வாங்கவில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. வாங்காமலே உதவி செய்திருக்கிறேன் என்பது அந்தத் தாய் வந்து நின்ற அன்றுதான் உறைத்தது.

யார் பிடிபடுகிறார்கள்?

தமிழ்நாட்டுப் போலீசார் இப்படிப்பட்ட வழக்குகள் பலவற்றில் புகையிலைச் சட்டத்தோடு, நஞ்சு கொடுத்துக் கேடு செய்யும் குற்றத்துக்கான பிரிவையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் அது 328ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 123ஆம் பிரிவு. பத்தாண்டு வரை சிறைக்கு அதில் இடமிருக்கிறது. நஞ்சு என்றே வைத்துக்கொள்வோம். நாமும் அதை நஞ்சென்றுதான் சொல்கிறோம். நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: நஞ்சைத் தூக்கி வந்தவனுக்குப் பத்தாண்டு என்றால், அதைக் காய்ச்சி, வாசனை போட்டு, பொட்டலம் கட்டி, சரம் கோத்து அனுப்பியவனுக்கு எத்தனை ஆண்டு?

மேலிடத்தில் நடந்ததையும் நாடு பார்த்தது. 2016 ஜூலையில் சென்னையில் ஒரு குட்கா ஆலைக்காரரின் இடங்களில் வருமான வரித் துறை சோதனை போட்டது. அங்கே கிடைத்த கணக்கு நாட்குறிப்பில், தடை இருக்கும்போதே வியாபாரம் நடத்துவதற்காக யார் யாருக்குப் பணம் போனது என்ற குறிப்புகள் இருந்ததாகச் செய்தி வந்தது. 2017 ஜூலையில் எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. உறுப்பினர்கள், தாராளமாகக் கிடைக்கிறது என்று காட்டத் தடை செய்யப்பட்ட பொட்டலங்களைச் சட்டமன்றத்துக்குள்ளேயே எடுத்துச் சென்றார்கள். அதற்காக அவர்கள்மேல் உரிமை மீறல் நடவடிக்கை வந்தது! 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அப்போதைய அமைச்சர், உயர் போலீஸ் அதிகாரிகள் வீடுகள்வரை சோதனை போனது. குற்றம் செய்தவர் யார் என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நாம் அதில் தலையிடவில்லை. ஆனால் வருமான வரி சோதனையிலிருந்து புலனாய்வு வரை போவதற்கே இரண்டு ஆண்டு பிடித்தது. நம் பையனைப் பிடித்து உள்ளே வைக்க இரண்டு மணி நேரம் போதுமாக இருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசே புகையிலை வாரியம் வைத்திருக்கிறது. நம் கர்நாடகத்தில் உன்சூர், பிரியாபட்டணா விவசாயிகள் விளைவிக்கும் சிகரெட் புகையிலை அந்த வாரியத்தின் ஏல மேடையில்தான் விலை போகிறது. விளைவிக்க வாரியம், விற்க ஏலம், வரி வசூலிக்க இலாகா, பிடிக்கப் போலீஸ், அறுவை செய்ய ஆஸ்பத்திரி. எல்லாம் ஒரே சர்க்கார்தான்!

கடலிலும் இதே கதை

இது ஓசூர் ரோட்டோடு முடிகிற கதையல்ல. பீடி இலை மத்திய இந்தியக் காடுகளில் பறிக்கப்படுகிறது. திருநெல்வேலிப் பக்கத்தில் நம் சகோதரிகள் இடுப்பொடிய உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். அந்த இலைக்கு இலங்கை அரசு இறக்குமதி வரியை உயர்த்தியது. வரி ஏறியதும் தூத்துக்குடி, இராமநாதபுரம் கரைகளிலிருந்து படகுகளில் மூட்டை மூட்டையாக இலை போகத் தொடங்கியது. கற்பிட்டி, மன்னார் கடலில் இலங்கைக் கடற்படை பிடித்த செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். பிடிபடுவது யார்? மீன் கிடைக்காத நாளில் கூலிக்குப் படகோட்டிய மீனவன். இலைக்குச் சொந்தக்காரன் கரையில் இருக்கிறான். அங்கே வரி வித்தியாசம், இங்கே சட்ட வித்தியாசம். இரண்டு இடத்திலும் லாபம் ஒருவனுக்கு, சிறை வேறொருவனுக்கு.

உலக நாடுகள் இதை அறியாமலில்லை. கள்ளப் புகையிலை வாணிபத்தை ஒழிக்க 2012 நவம்பரில் தென்கொரியத் தலைநகர் சியோலில் ஓர் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. 2018 ஜூனில் இந்தியாவும் அதில் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியமான அம்சம் என்ன தெரியுமா? ஒவ்வொரு பொட்டலத்திலும் தனி அடையாளக் குறி இருக்க வேண்டும். எந்த ஆலையில் எந்த நாளில் செய்தது, எந்த வியாபாரிக்குப் போனது என்று அந்தக் குறியை வைத்துத் திரும்பிப் பார்க்க முடிய வேண்டும். சிகரெட்டுக்கு ஐந்து ஆண்டு, மற்றப் புகையிலைப் பொருள்களுக்குப் பத்து ஆண்டு என்று தவணை கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் நம் பொட்டலங்களுக்கு 2028 கடைசி. அந்தக் குறி இருந்தால், பிடிபட்ட பையைக் கொண்டே பையைக் கொடுத்தவனையும் ஆலையையும் தேடிப் போகலாம். தெரியாது என்று யாரும் தப்ப முடியாது.

நாம் கேட்பது

முதலாவது, எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே சட்டம் வேண்டும். தமிழர் நாம் கர்நாடகத்தைக் குறை சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். இங்கே கன்னடத் தொழிலாளியின் வாயும் அதே புகையிலையில்தான் வேகிறது. 2016-17ஆம் ஆண்டில் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் புகையிலை உபயோகிப்போர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 20 பேர். கர்நாடகத்தில் ஏறத்தாழ 23 பேர். 2025இல் கர்நாடக அரசு இருபத்தொரு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது, அதை வரவேற்கிறோம். அதோடு நிற்காமல் மெல்லும் புகையிலைக்கும் முடிவு கட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் உதட்டுக்குள் வைக்கும் ‘கூல் லிப்’பை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது. அந்தக் கேள்வியைத்தான் நாமும் கேட்கிறோம்.

இரண்டாவது, பை பிடிபட்டால் பையோடு வழக்கு முடியக் கூடாது. கொடுத்தவர், கிடங்குக்காரர், ஆலைக்காரர் வரை விசாரணை போக வேண்டும். பொட்டலக் குறியை 2028 வரை காத்திராமல் இப்போதே கொண்டுவர வேண்டும்.

மூன்றாவது, பிழைப்புக்காகச் சுமந்து முதல் தடவை பிடிபட்ட இளைஞர்களை, கடத்தல் முதலாளிகளோடு ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

மற்றவர்களிடம் கேட்கிறவர்கள் தங்கள் வீட்டையும் பெருக்க வேண்டும். நம் தெருக்களில் யார் இந்தப் பைகளைக் கொடுக்கிறார் என்பது நமக்குத் தெரியாதா? தெரியும். அவர் நல்ல மனிதர், கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறவர், அவசரத்துக்குக் கடன் கொடுக்கிறவர். நம் கிளை ஒன்றின் பொங்கல் விழா நோட்டீசில் அப்படிப்பட்ட ஒரு மொத்த வியாபாரியின் நன்கொடை அச்சாகியிருக்கிறது. மைக் செட்டுக்கும் பிள்ளைகளின் பரிசுக்கும் அந்தப் பணம் உதவியது. அச்சுக்கு அனுப்பும் முன் நோட்டீசை நானும் பார்த்தேன், பேசாமல் இருந்தேன். இனி அந்தப் பணம் வேண்டாம் என்று அடுத்த செயற்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறேன். பரிசு இல்லாமல் விழா நடந்தால் நடக்கட்டும். தீர்மானம் தோற்றால், அந்தப் பணத்துக்கு ரசீது எழுதும் பொறுப்பில் நான் இருக்க மாட்டேன் என்பதையும் இங்கேயே பதிவு செய்கிறேன்.

இளைஞர்களே! யாருடைய பையையும் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். திறந்து காட்ட மறுக்கிறவனுடைய பையைத் தொடவே தொடாதீர்கள். அறுநூறு ரூபாய் ஒரு நாள் கூலி. வக்கீலுக்கும் ஜாமீனுக்கும் கோர்ட்டுக்கு அலைவதற்கும் வீட்டுத் தாலி அடகுக்குப் போகும்.

பெற்றோர்களே! பிள்ளை பிடிபட்டால் தரகரைத் தேடி ஓடாதீர்கள். கைதுக்குக் காரணம் தெரிந்துகொள்ளவும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டு செல்லப்படவும் அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு உரிமை தருகிறது. பணமில்லாதவர்களுக்கு அரசுச் சட்ட உதவி மையம் வக்கீல் வைத்துக் கொடுக்கும். அதற்கான தொலைபேசி எண் 15100. சங்கத்துக்கும் உடனே சொல்லுங்கள். மானம் போகும் என்று மூன்று நாள் மறைத்து வைத்தால் அந்த மூன்று நாளில்தான் காரியம் கெடும்.

சகோதரிகளே! சாக்கடை நாற்றத்துக்கும், பசிக்கும், பல்வலிக்கும், முதுகு வலிக்கும் ஒரு சிட்டிகை என்று தொடங்கியது எத்தனை பேருக்கு விடாப் பழக்கமாயிருக்கிறது! குறை உங்களிடமில்லை, அந்த வேலையில் இருக்கிறது. ஆனால் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், வாயைத் திறக்க முடியாமல் இறுகினால், தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற அரசு எண் இருக்கிறது, அழைக்கக் காசில்லை.

அந்தப் பையனுக்காகச் சட்ட உதவி மையத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். ஜாமீன் விசாரணை நடக்கும் நாளன்று சங்கத்திலிருந்து இருவர் அந்தத் தாயோடு ஓசூர் போகிறோம். சம்பளம் போனாலும் பரவாயில்லை, வருகிறேன் என்பவர்கள் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கோர்ட் வாசலில் அவர் தனியாக நிற்கக் கூடாது.